கண்ணீரைப் பார்த்தவரும் பல்லைப் பார்த்தவரும்



எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களுக்குள் ஒரு சின்னப் படத்தினால் நாலு மாதம் பேச்சு அற்றுப் போயிற்று. படம் என்றால் சுவரில் மாட்டும் படம் அன்று. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கைப்பேசியில் வார்த்தைக்குப் பதிலாக அனுப்புகிறார்களே, எமோஜி என்று, அந்த மஞ்சள் முகங்களில் ஒன்று.

நடந்தது இதுதான். அக்காள் தங்கை இருவர். அக்காளுக்கு எழுபது வயதுக்கு மேல், கிராமத்தில் இருக்கிறார். தங்கை பட்டணத்தில் மகனோடு இருக்கிறார். தங்கையின் மாமியார் ஒரு மழைநாளில் காலமானார். தங்கையின் மகன், உறவினர் எல்லோரும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மரணச் செய்தியையும் அடக்க நேரத்தையும் அறிவித்தான். அக்காளுக்கு முழங்கால் வலி. பயணம் செய்ய முடியாது. கைப்பேசியில் தமிழ் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கவும் கைவராது. ஆகையால் அங்கேயிருந்த முகங்களுள் கண்ணீர் வடிக்கும் முகம் ஒன்றைக் கண்டுபிடித்து, துக்கம் பெரிதல்லவா என்று மூன்று முறை அழுத்தி அனுப்பிவிட்டார்.

அது அழும் முகம் அன்று. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த முகம்.

பிணத்தருகே உட்கார்ந்திருந்த வீட்டில் அந்த மூன்று முகங்களும் எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? அந்த அக்காளுக்கும் இறந்துபோன அம்மாளுக்கும் பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்தது. கலியாண வீட்டில் உண்டானது. இருபது வருஷமாகி ஆறிப்போன புண். அது மறுபடியும் திறந்தது. “செத்தும் விடவில்லையே!” என்றான் மகன். மறுநாள் அக்காள் துக்கம் விசாரிக்கத் தொலைபேசியில் கூப்பிட்டபோது எவரும் எடுக்கவில்லை. “அடக்கத்துக்குப் போகாததால் கோபம் போலிருக்கிறது” என்று அக்காள் எண்ணிக்கொண்டார். முப்பதாம் நாள் பூசைக்கு அழைப்பு வரவில்லை. இவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பள்ளி விடுமுறையில் வந்த பேத்திதான் பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “ஏன் பாட்டி சாவுச் செய்திக்குச் சிரிச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். “சிரிச்சேனா? அழுதிருக்கேன் பிள்ளே! கண்ணீர் தெரியலையா உனக்கு?” என்றார் பாட்டி.

கண்ணீரைப் பார்த்தவர் ஒருவர். பல்லைப் பார்த்தவர் மற்றவர். படம் ஒன்றுதான்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் படத்தின் கருத்து என்ன? அனுப்பியவர் எண்ணியதா? பெற்றவர் எடுத்துக்கொண்டதா? அல்லது ஊரார் வழக்கமா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான், குற்றம் யாருடையது என்றும், நாம் செய்ய வேண்டியது என்ன என்றும் சொல்ல முடியும்.

எப்படிப் பிறந்தது?

முதலில் இந்த முகங்கள் எதற்காக உண்டாயின என்று பார்ப்போம். 1982-ம் வருஷம் அமெரிக்காவிலே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி வழியாக ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. அதில் மின்தூக்கி ஒன்றில் பாதரசம் சிந்தியதாக வேடிக்கையாக எழுதப்பட்டதை, மெய்யான எச்சரிக்கை என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். எழுத்துக்குக் குரல் கிடையாது. எழுதியவர் கண்சிமிட்டியதைப் படித்தவர் காணவில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, அந்த வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி ஸ்காட் பால்மன் என்ற ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். முக்காற்புள்ளி, சிறு கோடு, பிறை அடைப்பு ஆகிய மூன்றையும் வரிசையாக இட்டால், தலையைச் சாய்த்துப் பார்க்கும்போது சிரித்த முகம் தெரியும். வேடிக்கைப் பேச்சுக்கு அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்.

கவனியுங்கள். தவறான அர்த்தம் எடுத்துக்கொள்ளாதிருக்கவே முகம் பிறந்தது!

பின்னர் ஜப்பானியர் கைத்தொலைபேசிகளில் சிறு படங்களை வைத்தார்கள். 1999-ல் ஷிகெதகா குரிதா என்பவர் ஒரு தொலைபேசிக் கம்பெனிக்காக அமைத்த 176 படங்கள் பெயர்பெற்றவை. 2016-ல் நியூயார்க் நகரத்து நவீனக் கலைக்கூடம் அவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ‘எமோஜி’ என்பதும் ஜப்பானியச் சொல்லே: ‘எ’ என்றால் படம், ‘மோஜி’ என்றால் எழுத்து. ஆங்கிலத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல். 2010-ல் இந்தப் படங்களில் பல யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்து அட்டவணையில் இடம்பெற்றன. அதன்பின் ஒரு கம்பெனியின் கைப்பேசியிலிருந்து மற்றொரு கம்பெனியின் கைப்பேசிக்கு அவை தடையின்றிப் போய்வரலாயின.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. நாம் முகத்தை அனுப்பும்போது போவது முகம் அன்று, ஓர் எண்தான். அந்த எண்ணுக்கு எப்படிப் படம் வரைவது என்பது ஒவ்வொரு கம்பெனியின் சித்தம். ஆகவே நீர் அனுப்பியதும் அவர் பார்ப்பதும் முற்றும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்பு பெரும்பாலான கைப்பேசிகளில் மெய்த் துப்பாக்கியாக வரையப்பட்டிருந்த படத்தை 2016-ல் ஒரு பெரிய கம்பெனி பிள்ளைகள் விளையாடும் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றிற்று. மற்றக் கம்பெனிகள் பெரும்பாலும் 2018-ல்தான் அதைப் பின்பற்றின. இடைப்பட்ட காலத்தில், விளையாட்டாகத் தண்ணீர் தெளிப்பதாக ஒருவர் அனுப்பினால், பெற்றவர் கண்ணுக்குக் கொலைக்கருவி தெரியக்கூடும்.

படம் ஒன்றாகவே இருந்தாலும் பேதம் தீராது. 2016-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பலருக்கும் ஒரே முகத்தை, ஒரே வடிவத்தில் காட்டி, இது நல்லெண்ணத்தைக் காட்டுகிறதா, கெட்ட எண்ணத்தைக் காட்டுகிறதா, இரண்டும் இல்லையா என்று கேட்டார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தடவை, பார்த்த இருவருக்குள் அபிப்பிராயம் ஒத்துவரவில்லை. மயக்கத்தைத் தீர்க்க வந்த அடையாளமே இப்படித் தானும் மயக்கம் தருகிறது.

முகமும் முகத்தின் படமும்

இது ஏன்? முகம் என்பது பொய் சொல்லாதது என்றல்லவா நாம் பழகியிருக்கிறோம்? நெஞ்சில் உள்ளது முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் கண்ட அநுபவம். திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வகுத்திருக்கிறார். பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. அரசன் முன்னிலையிலும் சரி, அன்புடையார் முன்னிலையிலும் சரி, வாய் சொல்லாததை முகம் சொல்லிவிடும் என்பது இதனால் விளங்கும்.

இவ்விஷயத்தில் அர்ச். அகுஸ்தீனார் செய்த ஒரு பாகுபாடு நமக்கு மிகவும் உதவும். நான்காம் நூற்றாண்டின் முடிவில் அவர் எழுதத் தொடங்கிய ‘கிறிஸ்தவ போதனை’ என்ற நூலில் அடையாளங்களை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று இயற்கை அடையாளம். புகையைக் கண்டால் நெருப்பு உண்டு என்று அறிகிறோம். காலடித் தடத்தைக் கண்டால் ஒரு மிருகம் அவ்வழி போயிற்று என்று அறிகிறோம். நமக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்ற எண்ணம் புகைக்கு இல்லை. மற்றது, ஒருவர் தம் மனதில் உள்ளதைப் பிறர் அறியும்படி வேண்டுமென்றே இடும் அடையாளம். பேச்சும் எழுத்தும் இந்த வகை. கோபமோ துக்கமோ கொண்டவனுடைய முகத்தை அவர் எந்த வகையில் சேர்க்கிறார் தெரியுமா? புகையோடு சேர்க்கிறார். அவன் காட்ட நினையாவிட்டாலும் முகம் காட்டிவிடுகிறதே!

இரண்டாம் வகையைப் பற்றி அவர் சொல்வது இன்னும் முக்கியம். ‘பேத்தா’ என்ற ஒலி கிரேக்கருக்கு ஓர் எழுத்தின் பெயர். லத்தீன் பேசுவோருக்கோ ஒரு காய்கறிச் செடியின் பெயர். ஒலிக்குள் கருத்து ஒளிந்திருக்கவில்லை. மனிதர் கூடி ஒத்துக்கொண்டதால் கருத்து வந்தது. ஒத்துக்கொண்டவர் வேறானால் கருத்தும் வேறு.

இப்போது நம் மஞ்சள் முகத்துக்கு வருவோம். அது பார்வைக்கு முகம். ஆகவே முதல் வகை என்று மயங்குகிறோம். உண்மையில் அது இரண்டாம் வகை. சிரிக்கும் படத்தை அனுப்புகிறவர் அந்த நேரத்தில் சிரிக்கிறார் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. அடுப்படியில் நின்று கண்கலங்கிக்கொண்டே ஒரு தாய் மகனுக்குச் சிரித்த முகம் அனுப்பக்கூடும். அது அவருடைய முகத்திலிருந்து தானாக எழுந்த புகையன்று. அவர் விரலால் தேர்ந்தெடுத்த சொல். சொல் என்றால் அதற்கு வழக்கம் உண்டு, வழக்கம் மாறும், ஊருக்கு ஊர், வயதுக்கு வயது வேறுபடும். நம் இடறல் எல்லாம் இங்கேதான். சொல்லை முகம் என்று நம்பிவிடுகிறோம்.

கருத்து ஏன் நகர்கிறது?

சொற்கள் நகரும் என்பது தமிழருக்குப் புதிதல்ல. ‘நாற்றம்’ என்றால் பழைய நூல்களில் நறுமணமும் ஆகும். இன்று விருந்துக்குப் போன வீட்டில், “உங்கள் சமையல் நாற்றம் வாசல்வரை வருகிறது” என்று சொல்லிப் பாருங்கள்! சொல் அதேதான், ஊரார் வழக்கம் நகர்ந்துவிட்டது. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பல நூற்றாண்டு சென்றது. இந்தப் படங்களின் கருத்தோ பத்து வருஷத்துக்குள் நகர்கிறது. பாட்டியும் பேத்தியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு காலத்து மொழி பேசும்படி ஆகிறது.

நகர்வதற்குக் காரணங்கள் சில உண்டு. முதலாவது, அதிகப் பிரயோகம். ஆனந்தக் கண்ணீர் முகத்தை 2015-ம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்போர்டு அகராதியார் தெரிந்தெடுத்தார்கள். ஒரு படம் அந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை. அவ்வளவு தூரம் எல்லோரும் வழங்கினார்கள். எதற்கெடுத்தாலும் அதைப் போட்டதால், அது தேய்ந்த நாணயம்போல் ஆயிற்று. மெய்யாகவே சிரிப்பு வந்தவர்களுக்கு வேறு அடையாளம் வேண்டியதாயிற்று. இளைஞர்கள் மண்டையோட்டை எடுத்துக்கொண்டார்கள். “சிரித்துச் செத்தேன்” என்று நாமும் சொல்வதில்லையா? அதுவே அங்கே மண்டையோடு. ஓவென்று அழும் முகத்தையும் சிரிப்புக்கே வழங்குகிறார்கள். ஆகவே சிரிக்கும் படத்தைத் துக்கத்துக்கு அனுப்பினார் பாட்டி. அழும் படத்தைச் சிரிப்புக்கு அனுப்புகிறாள் பேத்தி. இருவரும் தத்தம் கூட்டத்தில் சரியாகவே பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரணம், ஒரு வயதினர் தம்மை மற்ற வயதினரிடமிருந்து பிரித்துக்காட்டும் ஆசை. அப்பாவும் சித்தப்பாவும் போடும் படத்தை மகன் போடமாட்டான். அப்பா கட்டும் வேட்டியைக் கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போகாதது போலத்தான் இதுவும்.

மூன்றாவது, குத்தல். “வாங்க மகாராஜா!” என்று, இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பும் மகனை வரவேற்கும் தாய் அவனுக்கு முடிசூட்டவில்லை. குரல் அதைச் சொல்லிவிடும். கைப்பேசியில் குரல் இல்லை. இலேசாகப் புன்னகைக்கும் அந்தச் சாதாரண முகத்தைப் பெரியவர்கள் மரியாதைக்காகப் போடுகிறார்கள். இளைஞர் பலருக்கு அது, பல்லைக் கடித்துக்கொண்டு “சரி, நடக்கட்டும்” என்று சொல்வதாகப் படுகிறது. சீனாவிலும் இதே நிலைதான். அங்கே பெரியவர்கள் அன்பாக அனுப்பும் புன்னகையை இளைஞர்கள் ஏளனம் என்று எடுத்துக்கொள்வது பலரும் அறிந்த சங்கதி.

கூப்பிய கைகளையும் பாருங்கள். ஜப்பானியருக்கு அது, “தயவுசெய்து”, “நன்றி”, “மன்னிக்கவும்” ஆகிய மூன்றுக்கும் ஆகும். நம் நாட்டில் வணக்கம். நம் வீடுகளில் செபம். “உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்” என்று பொருள். மேல்நாட்டில் சிலர் இதை இரண்டு பேர் உள்ளங்கை தட்டிக்கொள்ளும் மகிழ்ச்சி என்று எண்ணினார்கள்! ஒருவருக்குத் தொழுகை, ஒருவருக்குக் கும்மாளம்.

நீதிஸ்தலத்தில் ஒரு கட்டைவிரல்

இவையெல்லாம் வேடிக்கையாக இருக்கலாம். பணம் போகும்போது வேடிக்கை இல்லை. கனடா தேசத்திலே சஸ்காட்சவான் மாகாணத்தில் நடந்த வழக்கைக் கேளுங்கள்.

2021 மார்ச்சில் ஒரு தானியக் கம்பெனியார், ஒரு விவசாயியிடம் ஏறக்குறைய 87 டன் ஆளிவிதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து அவருடைய கைப்பேசிக்கு அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டார்கள். விவசாயி நிமிர்ந்த கட்டைவிரல் படத்தை அனுப்பினார். நவம்பரில் சரக்குத் தர வேண்டும். அதற்குள் விலை இரு மடங்குக்குமேல் ஏறிவிட்டது. சரக்கு வரவில்லை. “கட்டைவிரல் காட்டினீரே!” என்றார்கள் கம்பெனியார். “ஒப்பந்தத் தாள் வந்து சேர்ந்தது என்று மட்டுமே சொன்னேன், சம்மதித்தேன் என்று சொல்லவில்லை” என்றார் விவசாயி.

2023-ல் நீதிபதி கம்பெனியார் பக்கம் தீர்ப்பளித்தார். விவசாயி 82,000 கனடா டாலருக்குமேல் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அங்கே இருந்த மூன்று நீதிபதிகளுள் ஒருவர் மாறுபட்டார். நீதிமான்களுக்குள்ளேயே ஒரு கட்டைவிரலைப் பற்றி ஒருமனம் இல்லை.

நீதிபதி எதை வைத்துத் தீர்த்தார் என்பதுதான் நமக்குப் பாடம். அகராதியை மட்டும் வைத்து அல்ல. விவசாயியின் நெஞ்சைத் திறந்து பார்க்கவும் அவரால் ஆகாது. இந்த இருவருக்குள் முன்பு நடந்துவந்த வியாபாரத்தைப் பார்த்தார். முந்தின ஒப்பந்தங்களுக்கும் விவசாயி “சரி”, “ஆகட்டும்” என்ற மாதிரி ஒரு சொல்லே அனுப்பினார். அவற்றின்படி சரக்கும் கொடுத்தார். ஆகவே இந்தக் கட்டைவிரலும் அப்படிப்பட்டதே என்று நியாயமாக அறியும் எவரும் எடுத்துக்கொள்வார் என்றார். படத்தின் கருத்தை, படத்துக்குள் தேடாமல், அந்த மனிதருக்குள் இருந்த பழக்கத்தில் தேடினார்.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு. 2018-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், ஊழியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த காணொளிக்கு எதிரே சிலர் சிரிப்பு முகங்களைப் போட்டதன்மேல் எழுந்த குற்ற வழக்கு விசாரணைக்கு வந்தது. ஒருவர் தம் உணர்ச்சியைத் தெரிவிக்கவே இப்படம் போடுகிறார். இதைக் குற்றச் செயலாகக் கொள்ள முடியாது என்ற கருத்தில் வழக்கு ரத்தானது. சட்டத்துக்கு அது போதும். ஆனால் சட்டம் தண்டிக்காதது எல்லாம் நல்லது என்று ஆகிவிடுமா? அந்தச் சிரிப்புகளைக் கண்டவர் மனம் நொந்தது நொந்ததுதானே? சட்டம் நின்றுவிடும் இடத்தில்தான் பிறர்சிநேகம் தன் வேலையைத் தொடங்குகிறது.

யார் சொல்வது சரி?

இனி முதற்கேள்விக்கு வருவோம். ஒருவர் சொல்லலாம்: “என் மனதில் நான் எண்ணியதுதான் கருத்து. மற்றவர் தவறாக எடுத்தால் அதற்கு நான் பொறுப்பாளியல்ல.” இது சரியா? நாற்றம் என்ற சொல்லைப் பழைய பொருளில் சொன்னேன் என்று விருந்து வீட்டில் சாதிக்க முடியுமா? பேச்சு என்பது பிறருக்காகவே இருக்கிறது. பிறர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று கவலைப்படாமல் பேசுகிறவன், கடிதத்தை எழுதி விலாசம் எழுதாமல் தபாலில் போடுகிறவன்.

மற்றொருவர் சொல்லலாம்: “எனக்கு எப்படிப் பட்டதோ அதுதான் கருத்து. எனக்கு வலித்தது, ஆகவே அவர் அடித்தார்.” இதுவும் சரியல்ல. வலித்தது மெய், அதை யாரும் மறுக்கக்கூடாது. ஆனால் இருட்டில் என் காலை மிதித்தவன் எல்லாம் என் பகைவன் ஆகமாட்டான். வலி காயத்துக்குச் சாட்சி. அடித்தவனுடைய நினைவுக்குச் சாட்சி அல்ல.

அப்படியானால் கருத்து யாருடையது? இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு போன்றது அது. இவர் ஒருவருக்கும் சொந்தமல்ல; அவர் ஒருவருக்கும் சொந்தமல்ல. பொதுக்கிணற்றில் அசுத்தம் விழாமல் காப்பது இருவருக்கும் கடமை. ஆகவே அனுப்புகிறவருக்குக் கடமை உண்டு. பெறுகிறவருக்கும் கடமை உண்டு.

அனுப்புகிறவரின் கடமை தெளிவு. வாங்குபவர் யார், என்ன வயது, எந்த நிலையில் இருக்கிறார் என்று நினைத்து அனுப்ப வேண்டும். சாவு, வியாதி, கடன், சம்பந்தம் பேசுதல், மன்னிப்புக் கேட்டல் ஆகிய காரியங்களைப் படத்தின் கையில் விடலாகாது. எழுதத் தெரியாவிட்டால் குரலால் சொல்லலாம். குரல் போதாதென்றால் நேரில் போகலாம். இதைவிடப் பெரிய கடமை ஒன்று: மயக்கத்தைக் கேடயமாகப் பிடிக்கக்கூடாது. ஒருவரை நாலுபேர் நடுவில் ஏளனம் செய்துவிட்டு, கடைசியில் ஒரு சிரிப்பு முகத்தை ஒட்டி, அவர் வருத்தப்பட்டால், “விளையாட்டுக்குச் சொன்னேன், படத்தைப் பார்க்கவில்லையா?” என்று தப்பித்துக்கொள்கிறவர்கள் உண்டு. பாட்டி செய்தது அறியாப் பிழை. இதுவோ அறிந்து செய்யும் கபடம். படத்துக்கு இரண்டு கருத்து இருக்கிறது என்று தெரிந்தே ஒன்றால் குத்தி மற்றொன்றால் ஒளிகிறவன், வாயால் ஒரு பொய்யும் சொல்லாமல் பொய்யன் ஆகிறான்.

பெறுகிறவரின் கடமை நம்பிக்கை. இதற்கு அர்ச். இஞ்ஞாசியார் தம் ‘ஞான அப்பியாசங்கள்’ நூலின் முகப்பிலேயே ஒழுங்கு வகுத்திருக்கிறார். பிறர் சொல்லை முதலில் நல்ல கருத்தில் எடுத்துக்கொள்ள ஆயத்தமாயிருக்க வேண்டும். அப்படி எடுக்க இயலாவிட்டால், எந்தக் கருத்தில் சொன்னார் என்று அவரையே கேட்க வேண்டும். கருத்து கெட்டதென்றே தெரியவந்தால், அன்போடு திருத்த வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் சொன்ன இந்த மூன்று படிகளும் கைப்பேசிக்கென்றே சொன்னவைபோல் இருக்கின்றன. நாமோ மூன்றாம் படிக்கும் அப்பால் ஒரே தாவலாகத் தாவிவிடுகிறோம். கேட்பதற்குமுன் தீர்ப்பு, தீர்ப்புக்குப்பின் மௌனம்.

“அப்படியானால் ஏளனத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?” என்று கேட்கலாம். இல்லை. கேள் என்பதுதான் இரண்டாம் படி. கேட்பது கோழைத்தனம் அல்ல. கபடன் முன்னிலையில் நேரான கேள்வியைவிடக் கூர்மையான ஆயுதம் கிடையாது, “இதை எந்த அர்த்தத்தில் போட்டீர்?” என்று கேட்டால் அவன் ஒளிய இடமில்லை. கள்ளமில்லாதவரிடம் அதே கேள்வி மருந்தாகும். இருவருக்கும் கேள்வி ஒன்றுதான்.

அந்த நீதிபதி செய்ததை வீட்டிலும் செய்யலாம். முன்பின் நடந்ததைப் பார்த்துப் படத்தை அளக்கலாம். அக்காள் தங்கைக்குச் செய்ததெல்லாம் என்ன? தாயை இழந்த வீட்டில் அவர்தான் தங்கைக்குத் தலைவாரிவிட்டார். தங்கையின் முதல் பேறுகாலத்தில் நாற்பது நாள் கூட இருந்தார். ஐம்பது வருஷத்து அன்பைக் கொண்டு ஒரு படத்துக்கு அர்த்தம் கண்டிருக்கலாம். அவர்களோ ஒரு படத்தைக் கொண்டு ஐம்பது வருஷத்துக்கு அர்த்தம் கண்டார்கள். படத்தை வைத்து மனிதரை அளக்கலாகாது. மனிதரை வைத்துப் படத்தை அளக்க வேண்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

அக்காளும் இதில் முற்றும் குற்றமற்றவர் அல்லர். தொலைபேசியை எடுக்காத மௌனத்தை அவரும் தம் மனம்போல் மொழிபெயர்த்துக்கொண்டாரே! மௌனமும் ஓர் அடையாளம்தான். எல்லா அடையாளங்களிலும் பல பொருள் தருவது அதுவே.

கதை முடிவையும் சொல்லிவிடுகிறேன். பேத்தி அன்று மாலையே பெரிய மாமாவுக்கு விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தங்கை கிராமத்துக்கு வந்து இறங்கினார். திண்ணையில் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா, கேக்கலையே நான்” என்றார். “நானும் நாலு மாசத்துல ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்” என்றார் அக்காள். இருவரும் அழுதார்கள். அதற்குப் படம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்த பேத்தி, “பாட்டி, அழுகிற முகம் எதுன்னு இப்ப காட்டித் தரட்டுமா?” என்று கேட்டாளாம்.

“வேண்டாம் பிள்ளே. இனிமே அழுகை வந்தா சித்திக்குப் போன் போட்டுத் தா. நானே அழுதுக்கிறேன்” என்றாராம் பாட்டி.